மும்பைக்கு இசையமைக்கப் போகும் முத்துமாரிக்கு

முத்துமாரி,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உன்னோடு நான் பேச ஆரம்பித்ததும் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ரிசீவர் அவள் கைக்குப் போய்விடுகிறது. அப்புறம் சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்பதைத் தாண்டி எதுவும் நகர்வதில்லை. அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று முகூர்த்த நாள் இல்லை. குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் சுவரோரம் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடக்கின்றன. நேற்று நீ கேட்டாய், "இந்திப் படத்துக்கு என்னைய எதுக்குப்பா கூப்பிடுறாங்க? அந்தப் பாஷையில எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. போய் அசிங்கப்பட்டு வந்தா என்ன செய்ய?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வாங்கிவிட்டாள். பதில் சொல்லாமல் விட்ட அந்தக் கேள்வி காலையிலிருந்து என்னை வேலை பார்க்க விடவில்லை. சட்டென்று பதில் சொல்லும் கெட்டிக்காரன் இல்லை நான். நீ வந்த வழியை ஒருமுறை சொல்லிக்கொண்டே போகிறேன். பதில் நடுவில் எங்கேயாவது அகப்படும்.

நீ பிறந்தபோது சாத்தூரில் மைக் செட் கடை வைத்திருந்தவர்களில் நான்தான் இளையவன். சடங்கு வீடு, கல்யாண வீடு, பொங்கல் விழா, கட்சிக் கூட்டம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். உன் அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனால் நீ என் பொறுப்பு. அதனால் நீ வளர்ந்ததே ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பக்கத்தில்தான். ஊரே காதைப் பொத்திக்கொள்ளும் சத்தத்தில் நீ தூங்குவாய், பாட்டு நின்றால் விழித்துக்கொண்டு அழுவாய். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் ஒருநாள் ஒரு கல்யாண வீட்டில் என் சட்டையை இழுத்து, "அப்பா, பாட்டு தூங்குது" என்றாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ விடாமல் நச்சரித்த பிறகு டேப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பெல்ட் தளர்ந்து கேசட் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுருதி ஒரு மயிரிழை இறங்கியிருந்திருக்கிறது. அன்று சாயங்காலம் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் பெருமைப்படவில்லை. "இனி வீட்டுல எது கெட்டுப்போனாலும் இவளக் கூப்பிட்டுக் கேளுங்க. கிரைண்டர்ல கூட ஒரு சத்தம் வருது" என்றாள். நீ போய்க் காதை வைத்துப் பார்த்தாய் என்பதும் உண்மை.

உன் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் ஆர்மோனியத்தில் உனக்கு விரல் போடச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கீபோர்டு வாங்கித் தந்தேன். ஆனால் உன் தொழில் தொடங்கியது காரியாபட்டியில் அம்மா வழிச் சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாண வரவேற்பில் என்றுதான் நான் சொல்வேன். மைக் செட் என்னுடையது. பாட்டுக் கச்சேரி சிவகாசி அண்ணாச்சியின் குழு. கீபோர்டு வாசிக்கிறவர் வந்த பஸ் வழியில் நின்றுபோனது. சாயங்காலம் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. அண்ணாச்சி மேடைக்குப் பின்னால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நீ பாவாடை தாவணியில் அவர் முன்னால் போய், "மாமா, நான் வாசிக்கட்டுமா?" என்றாய். அவர், "தாயி, இது வெளையாட்டுச் சாமான் இல்ல" என்றார். அப்போது பந்தியிலிருந்து கை கழுவிவிட்டு வந்த உன் அம்மா சொன்னாள், "அண்ணாச்சி, இவ வாசிக்கலேன்னா எப்பிடியும் கச்சேரி இல்ல. வாசிச்சா ரெண்டு பாட்டாவது ஓடும். ஏத்தி விடுங்க."

முதல் பாட்டை நீ பயத்தில் எவ்வளவு வேகமாக வாசித்தாய் என்றால், பாடகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். தபேலாக்காரர் உன்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். நீ இறங்கி ஓடிவிடுவாய் என்று பயந்து மைக்கை அணைக்கக் கைவைத்தேன். நீ இறங்கவில்லை. அடுத்த பாட்டுக்கு முன்னால் பாடகரைப் பார்த்து, "அண்ணே, இந்தப் பாட்ட நீங்க ஆரம்பிங்க, நான் பின்னாடி வாரேன்" என்றாய். அதற்கப்புறம் எல்லாம் சரியாகப் போனது. கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அன்று நீ வாசித்ததைவிட எனக்கு மனதில் நின்றது, பாடகரிடம் நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். தப்பு நடந்ததும் அழாமல், யாரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கலாம் என்று பார்த்தாய். இன்றைக்கும் உன் ரிக்கார்டிங்கில் யாராவது பதறினால் நீ இப்படித்தான் செய்கிறாய் என்று உன்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அதை விட்டுவிடாதே.

விருதுநகரில் காலேஜ் படித்துக்கொண்டே அண்ணாச்சி குழுவில் வாசித்தாய். அப்புறம் சென்னை. உன்னைப் பெண்கள் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்று நான் ரயிலில் கப்பலே கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். உனக்கோ ஊர் பிடித்துப்போய்விட்டது. ஒரு பெரிய இசையமைப்பாளரிடம் கீபோர்டு புரொகிராமிங் வேலை கிடைத்தது. எந்த ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாலும் வாசலில் இருப்பவர் முதல் உள்ளே இருப்பவர் வரை, "பாட வந்தியாம்மா?" என்றுதான் கேட்பார்களாம். கொஞ்ச நாள் விளக்கம் சொல்லிப் பார்த்தாய். அப்புறம், "இல்ல சார், பாட வைக்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போக ஆரம்பித்ததாக எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அம்மா கம்பெனி வண்டியில் அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறாள். பேச்சியம்மாள் சித்தி சாத்தூரிலிருந்து தாயில்பட்டி போகும்வரை சிரித்தாளாம். உனக்குத்தான் தெரியுமே, அவளும் உன் அம்மாவும் ஒரே ஷெட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

முதல் படம் கிடைத்ததும் நான் ஆடியதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பஜாரில் யார் டீ குடித்தாலும் பக்கத்தில் போய் நிற்பேன், அவர்கள் உன்னைப் பற்றிக் கேட்கும்வரை நகரமாட்டேன். பாட்டெல்லாம் பதிவாகி முடிந்தது. கேசட் வெளியிடும் விழாவுக்கு எனக்குப் புதுச் சட்டை கூடத் தைத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் தயாரிப்பாளர் கையை விரித்துவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார். படம் பெட்டிக்குள் போனது, உன் பாட்டுகளும் அதோடு போயின. நீ ஒருநாள் காலை ரயிலில் வந்து இறங்கினாய். கீபோர்டைப் பையோடு பரணில் ஏற்றினாய். அடுத்த வாரமே சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் ஆபீஸில் ஆர்டர் எடுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தாய். "பாட்டுக் கேட்டாலே பிடிக்கலப்பா" என்று நீ சொன்ன பிறகு நான் வீட்டில் ரேடியோ போடவில்லை. கடையில் ஆம்ப்ளிபயரைச் சோதித்துப் பார்க்கக்கூட நீ வெளியே போகும் நேரம் பார்த்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று மட்டும் சொல்லிவிட்டு அணைத்துவிடுவேன். பாட்டுப் போடாத மைக் செட்டுக்காரன் என்று என்னைத் தெருவே கேலி செய்தது.

உன்னைச் சரிசெய்தது நானோ அம்மாவோ இல்லை. தீபாவளி சீசனுக்கு முன்னால் பட்டாசுக் கடை முதலாளி ஒருவர் லேபிள் ஆர்டர் கொடுக்க அச்சகத்துக்கு வந்தார். உள்ளூர் கேபிள் டிவியில் போட ஒரு விளம்பரம் எடுத்திருப்பதாகச் சொல்லி, அதன் பாட்டைத் தன் செல்போனில் போட்டுக் காட்டினார். ஏதோ பழைய மெட்டில் பட்டாசுப் பெயர்களைத் திணித்து ஒருவர் பாடியிருந்தார். நீ ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தவள், பொறுக்க முடியாமல், "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. இத வெளிய போடாதீக. நான் ஒண்ணு செஞ்சு தாரேன்" என்று சொல்லிவிட்டாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் நாற்காலி போட்டுப் பரணில் ஏறினாய். அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் கேக்காதீக. அவ பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். நீ சங்குசக்கரத்துக்கு ஒரு மெட்டு, புஸ்வாணத்துக்கு ஒரு மெட்டு, அணுகுண்டுக்கு மட்டும் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு இருமல் சத்தம் என்று செய்திருந்தாய். அந்த இருமல் என்னுடையது. அந்தத் தீபாவளிக்குச் சாத்தூர் முழுக்கப் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு, அணுகுண்டு வரும் இடத்தில் என்னைப் போலவே இருமிக்கொண்டு திரிந்தார்கள். நான் தெருவில் நடக்க முடியவில்லை.

பொங்கல் முடிந்து, அந்த நின்றுபோன படத்தில் உதவி இயக்குநராக இருந்த தம்பி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருக்கே இப்போது படம் கிடைத்திருந்தது. பட்டாசுத் தொழிலாளிகளைப் பற்றிய கதை, நம் பக்கத்தில்தான் படப்பிடிப்பு. உன் பாட்டுகளை அவர் மறக்கவில்லை. "நீங்கதான் மியூசிக் செய்யணும்" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு வேண்டாம் என்றாய். அவர் மறுபடி கேட்டார். நீ மறுபடி வேண்டாம் என்றாய். அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உன்னிடம் கேட்டாள், "உனக்குப் பிடிக்கலியா, பயமா இருக்கா?"

நீ செம்பை எடுத்துத் தம்பிக்குத் தண்ணீர் ஊற்றினாய். அம்மா விடவில்லை.

"பிடிக்கலேன்னா சொல்லு, இந்தத் தம்பி சாப்பிட்டுட்டுப் போகட்டும். பயந்தான்னா அது வேற. நாங்க கம்பெனியில அம்புட்டுப் பேரும் பயந்துகிட்டேதான் வேலை பாக்கோம். பயமிருக்கதுனாலதான் கவனமாப் பாக்கோம்."

நீ செம்பைக் கீழே வைத்துவிட்டு, "பயந்தாம்மா" என்றாய். இயக்குநர் தம்பி இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கும் பயமாத்தான் இருக்குங்க" என்றார். அந்த மதியம் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்தவர்கள், விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பாட்டுகள் நன்றாக வந்தன. சிக்கல் வந்தது படம் முடிந்து பின்னணி இசை போடும்போது. கதையில் ஒரு ஷெட் வெடிக்கிறது. இந்தப் படத்துத் தயாரிப்பாளர் அந்த இடத்தில் நூறு வயலின், கோரஸ், உறுமி எல்லாம் வேண்டும் என்றார். உனக்கு அது ஒட்டவில்லை. மத்தியானம் போன் செய்து, நான் எடுத்ததும், "அப்பா, அம்மாவக் குடுங்க" என்றாய். அன்றைக்குத்தான் நானே ரிசீவரைக் கொடுத்தேன். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது அம்மா வேலை பார்த்த கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்ததே, அப்போது என்ன சத்தம் கேட்டது என்று கேட்டாய். அம்மா யோசித்துச் சொன்னாள், "வெடிச்சது ஒரு சத்தந்தான். அப்புறம் ஒண்ணுமே கேக்கல. காதே இல்லாத மாதிரி. பெறகு ஒருத்திய ஒருத்தி பேரச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சோம். அங்கன இருந்து ஒருத்தி, இங்கன இருந்து ஒருத்தி. பதில் வர்ற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம்." அன்று உயிர்ச்சேதம் இல்லை. பேச்சியம்மாளுக்குக் கையில் மட்டும் தீக்காயம் பட்டு, பிறகு ஆறிவிட்டது. இருந்தாலும் அந்த ஓர் அரைமணி நேரத்தைப் பற்றி உன் அம்மா அதுவரை என்னிடம்கூட இவ்வளவு பேசியதில்லை. நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, நீ சென்னைக்கு வா" என்றாய்.

ஸ்டூடியோவுக்குள் உன் அம்மாவைப் பார்க்க வேண்டுமே. ஏசிக் குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, "காதுல என்னத்துக்குக் கிண்ணத்த மாட்டுறீக?" என்றாள். மைக் முன்னால் நிறுத்தி, பெயர்களைக் கூப்பிடச் சொன்னாய். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்கிறமாதிரி அவ்வளவு மரியாதையாக, "பேச்சியம்மா, சுப்புத்தாயி" என்றாள். தெருமுனையில் நின்று கூப்பிட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் தொண்டை அது, அந்தக் கண்ணாடி அறையில் ஒடுங்கிப்போயிற்று. மறுபடி மறுபடி எடுத்தும் சரியாக வரவில்லை. அம்மாவுக்கே வெட்கமாகிவிட்டது. நீ கோபப்படவில்லை. அவளைக் கைபிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். மைக்கைத் தூரத்தில் ஒரு மூலையில் வைக்கச் சொன்னாய். அப்புறம் நீ மட்டும் கீழே இறங்கிப் போய்த் தெருவில் கூட்டத்துக்குள் மறைந்து நின்றுகொண்டு, சொல்லி அனுப்பினாய், "நாந்தான் பேச்சி சித்தின்னு வச்சுக்கிட்டு, கூட்டத்துல தேடச் சொல்லு." துணைக்கு வந்திருந்த நான் அம்மா பக்கத்தில்தான் நின்றேன். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கீழே பஸ்ஸும் ஆட்டோவும் ஜனமும். முதல் தடவை கூப்பிட்டபோது விளையாட்டாகத்தான் இருந்தது. அப்புறம் அவள் முகம் மாறியது. "ஏ பேச்சி, எங்கடி இருக்க" என்று அவள் கூப்பிட்டபோது தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அத்தனை வருடம் குழாய் கட்டிப் பிழைத்த எனக்கு, ஒரு குரலுக்கு இவ்வளவு தூரம் போக முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த இடத்தில் நீ ஒரு வாத்தியமும் வைக்கவில்லை. தயாரிப்பாளர் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "தியேட்டர்ல சத்தம் இல்லேன்னா ஜனம் எந்திரிச்சு வெளிய போயிரும்மா" என்றார். "இத மாத்துனீங்கன்னா என் பேரையும் எடுத்துருங்க சார்" என்றாய் நீ. இயக்குநர் தம்பி முகம் வெளுத்துவிட்டதாம். கடைசியில் தயாரிப்பாளர் ஒரு முடிவு சொன்னார். சிவகாசித் தியேட்டரில் முதல் நாள் ஜனங்களோடு உட்கார்ந்து பார்ப்பார். அந்த இடத்தில் ஆட்கள் எழுந்தால் காட்சியையே வெட்டிவிடுவார்.

அந்த மத்தியானக் காட்சிக்கு அம்மாவின் கம்பெனி ஆட்கள் அவ்வளவு பேரும் வந்திருந்தார்கள். நீ பின்சுவரில் சாய்ந்து நின்றாய், உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை. உன் பாட்டுகளுக்கு விசில் பறந்தது. அப்புறம் ஷெட் வெடித்தது. சத்தம் நின்றது. தியேட்டரில் மின்விசிறி ஓடுவது கேட்டது. ஒரு ஆள் எழுந்தார். தயாரிப்பாளர் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்ததை நானும் பார்த்தேன். அப்போது திரையிலிருந்து, ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறமாதிரி உன் அம்மாவின் குரல் வந்தது. "ஏ பேச்சி, எங்கடி இருக்க." எழுந்த ஆள் அப்படியே நின்றுவிட்டார். இரண்டாவது தடவை வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் தன்னை மறந்து எழுந்து நின்று, "இந்தா இருக்கேன்டி" என்று பதில் சொன்னாள்.

ஒரு நொடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. அப்புறம் தியேட்டரே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். உன் அம்மா பேச்சியம்மாளின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "படத்தப் பாருடி, மானம் போகுது" என்றாள். ஆனால் அந்தக் கையைப் படம் முடியும்வரை அவள் விடவில்லை. வெளியே வந்ததும் தயாரிப்பாளர் உன்னைத் தாண்டி நேராகப் பேச்சியம்மாளிடம் போய், "எல்லா ஊருக்கும் உங்களைக் கூட்டிட்டுப் போகணும் போலிருக்கே" என்றார். "ஞாயித்துக்கிழமைன்னா வாரேன்" என்றாள் அவள். காட்சியை வெட்டவில்லை.

அதற்கப்புறம் உனக்குப் படங்கள் வந்தன. சில ஓடின, சில ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பெயரை ஸ்டைலாக மாற்றச் சொன்னார்கள், நீ சிரித்துவிட்டு முத்துமாரி என்றே போட்டுக்கொண்டாய். ஓடாத படத்துப் பாட்டையும் நான் கல்யாண வீடுகளில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்கிறவர்கள் எந்தப் படம் என்று கேட்பார்கள். பாட்டு நன்றாக இருந்தால் போதாதா என்பேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன்னைக் கூப்பிட்ட அந்த மும்பை இயக்குநர் இந்தப் பட்டாசுப் படத்தை எங்கோ ஒரு விழாவில் பார்த்தார் என்றும், தமிழில் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது என்றும் நீதான் சொன்னாய். அந்த இடத்தில் அவர் அழுததையும் நீதான் சொன்னாய். பேச்சி யார், தாயில்பட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பாஷை தெரியாமல் அவரால் அழ முடிந்தது என்றால், பாஷை தெரியாமல் உன்னால் வேலை பார்க்க முடியாதா? தெரியாத இடத்தில் கேள். பாடுகிறவர்களை முதலில் ஆரம்பிக்கச் சொல், நீ பின்னால் போ. படம் ஓடவில்லை என்றால் ஓடவில்லை. அதற்காகக் கீபோர்டைப் பரணில் ஏற்றாதே. நேற்று உன் கேள்வியில் பயம் இருந்ததைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. கவனமாக வேலை பார்ப்பாய்.

இன்னொரு செய்தி. இதைச் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு, அதனால் அவள் ரயில் ஏறும்வரை தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உன் அம்மா கம்பெனியில் லீவு சொல்லிவிட்டாள். பருப்புப் பொடி அரைத்தாகிவிட்டது, ஒரு தூக்கு நிறையக் காராச்சேவு வாங்கியாகிவிட்டது. விருதுநகர் ஸ்டேஷனுக்கு அவளே போய் மும்பை ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வந்திருக்கிறாள், அவளுக்கு மட்டும். என்னைப் பற்றிக் கேட்டதற்கு, "உங்களுக்கு ஐப்பசி முழுக்கக் கல்யாண ஆர்டர் இருக்கு. சோறு வடிக்கச் சொல்லித் தந்திருக்கேன், இருந்துக்கிடுங்க" என்றாள். நீ இறங்கிய மறுநாள் அவள் வந்து இறங்குவாள். ஸ்டேஷனுக்கு ஆளை அனுப்பாதே, நீயே போ. பெட்டி கனமாக இருக்கும், அவள் தூக்க விடமாட்டாள், நீ பேசாமல் ஒரு பக்கம் பிடித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா